தேடினால் கிடைக்காத இடத்தில் எழுதிவைத்திருக்கிறோம்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே, சிப்காட் போகிற ஷேர் ஆட்டோக்கள் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. 2022 ஜூலையில் ஒரு ராத்திரி, செகண்ட் ஷிப்ட் முடித்துவிட்டு அங்கே நின்றிருந்தேன். ஒரு பையன் வந்து, "நீங்கதானே அண்ணா அந்த வெப் மேகசின் நடத்துறீங்க?" என்று கேட்டான். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஆறு வருஷமாக நாலு பேர் சேர்ந்து, சம்பளக் காசில் டொமைன் கட்டி நடத்துகிற சிற்றிதழ் அது. வாசகர் ஒருவரை நேரில் பார்ப்பது வருஷத்துக்கு ஒருமுறை நடந்தால் பெரிசு.

அவன் வலது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

பிரஸ் மெஷின். ஒப்பந்தத் தொழிலாளி. இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. ஒப்பந்தக்காரர் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டியிருக்கிறார். பிறகு இருபதாயிரம் ரூபாய் கொடுத்து, 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதின தாளில் இடதுகைப் பெருவிரல் ரேகை வாங்கியிருக்கிறார்.

"ரேகை வைக்கறதுக்கு முந்தின நாள் உங்க சைட்டுல தேடினேன் அண்ணா. ரூம்ல ஒருத்தர் சொன்னாரு, இதப் பத்தி அதுல விவரமா எழுதியிருக்காங்கன்னு. 'விபத்து இழப்பீடு'ன்னு போட்டேன். ஒண்ணும் இல்லைன்னு வந்துச்சு."

இருந்தது. 2019ல் நாங்கள் வெளியிட்ட கட்டுரை. தொழிற்சங்கத்தில் முப்பது வருஷம் இருந்த ஒரு பெரியவர் எழுதினது. ஒப்பந்தக்காரரின் ஆளாக இருந்தாலும் முதன்மை முதலாளிக்குப் பொறுப்பு உண்டு. அப்போது அமலில் இருந்த 1923ஆம் வருஷத்துச் சட்டப்படி விபத்து நடந்து இரண்டு வருஷத்துக்குள் மனுப் போட வேண்டியிருந்தது. இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்யாத ஒப்பந்தத்தைக் காட்டி முதலாளி கை கழுவ முடியாது. இதெல்லாம் அதில் ஒன்று விடாமல் இருந்தது. அந்தப் பையனுக்காகவே எழுதினது போன்ற கட்டுரை. அவன் வந்தான், கதவைத் தட்டினான். உள்ளே யாரும் இல்லை என்று எங்கள் தளம் சொல்லி அனுப்பிவிட்டது.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கோபம். முதலில் என்மேல். அப்புறம் தமிழில் இணைய இதழ் நடத்துகிற நம் எல்லோர்மேலும்.

*

ராத்திரி வீட்டுக்குப் போய் நானே தேடிப் பார்த்தேன். 'விபத்து இழப்பீடு'. பூஜ்ஜியம். கட்டுரையைத் திறந்து வரிவரியாகப் பார்த்தேன். பெரியவர் பல இடங்களில் 'நஷ்ட ஈடு' என்று எழுதியிருந்தார். 'இழப்பீடு' என்ற எண்ணம் வந்த இடங்களில் 'இழப்பீட்டை', 'இழப்பீட்டுக்கு', 'இழப்பீட்டு ஆணையர்' என்று இருந்தது. விபத்தும் அப்படித்தான்: 'விபத்தில்', 'விபத்தால்'.

தளத்தோடு இலவசமாக வந்த தேடல் பெட்டி செய்வது ஒரே ஒரு வேலை. நீங்கள் தட்டின எழுத்துகள் அதே வரிசையில், அப்படியே பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும். 'இழப்பீடு' என்பதில் டகரம் ஒன்று. 'இழப்பீட்டை' என்பதில் இரண்டு. அதனால் அதற்கு இரண்டும் வேறு வேறு. 'விபத்து' முடிவது உகரத்தில். 'விபத்தில்' என்பதில் அந்த உகரம் காணாமல் போகிறது. அதனால் அதுவும் வேறு. ஆங்கிலத்தில் 'ஆக்ஸிடென்ட்' என்பது எந்த வேற்றுமையில் வந்தாலும் அப்படியே நிற்கும். முன்னால் ஒரு சின்னச் சொல் வந்து ஒட்டாமல் நின்றுகொள்ளும். அந்த மொழிக்காகச் செய்த பெட்டியைத் தூக்கி வந்து நம் வீட்டு வாசலில் மாட்டிவிட்டு, 'தேடுக' என்று மட்டும் தமிழில் எழுதிவிட்டோம். தமிழாக்கம் முடிந்தது.

எங்கள் ஊரை வைத்தே சொல்கிறேன்.

'பழவேற்காடு' என்று தேடினால் 'பழவேற்காட்டில் மீன் பிடிப்பவர்கள்' வராது. 'முகாம்' என்று தேடினால், இங்கே கும்மிடிப்பூண்டி ஈழத்தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவர்கள் எழுதின கவிதைகள் வராது. அவர்கள் 'முகாமில்', 'முகாமுக்குள்' என்றுதான் எழுதியிருப்பார்கள். 'ஆறு' என்று தேடினால் ஆறுமுகமும் வருவார், ஆறுதலும் வரும். கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வந்த கட்டுரை வராது. 'பூண்டி' என்று ஏரியைத் தேடினால் கும்மிடிப்பூண்டி இருக்கிற அத்தனை பக்கமும் வந்து குவியும். அதாவது வர வேண்டியது வராது, வரக் கூடாதது வரும்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமா? உகரம் கெடுவதும் டகர றகரம் இரட்டுவதும் நன்னூல் படித்த பள்ளிப் பிள்ளைக்குத் தெரியும். 2004ல் செம்மொழி என்று அறிவித்தபோது எல்லோரும் கொண்டாடினோம். 'முகாமில்' என்பது 'முகாம்' தான் என்று நம் சொந்தத் தளத்துக்குச் சொல்லித்தர மட்டும் நேரம் கிடைக்கவில்லை.

*

இலக்கணத்துக்கு முன்னால் எழுத்திலேயே கோளாறு இருக்கிறது.

மௌனியைத் தேடிப் பாருங்கள். ஒள காரக் குறியை ஒற்றைக் குறியாகத் தட்டினவர்கள் பாதிப் பேர். ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தவர்கள் மீதிப் பேர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்; 'மௌனி', 'மெளனி'. கணினிக்கு இவர்கள் இரண்டு எழுத்தாளர்கள். எங்கள் தளத்திலேயே மௌனி இரண்டு பேராக இருந்தார். ஒருவரைத் தேடினால் மற்றவர் வர மாட்டார்.

அதே மாதிரி 'கொ'. கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. 'ஸ்ரீ' இன்னொரு கூத்து. 2005ல் யூனிகோடில் தனி 'ஶ' சேர்ந்த பிறகு அதற்கு இரண்டு வழி. ஆந்திர எல்லை தாண்டினால் ஸ்ரீ சிட்டி. இங்கிருந்து தினமும் வேலைக்குப் போகிறார்கள். எந்த ஸ்ரீ என்று எந்தக் கீபோர்டு முடிவு செய்கிறது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

மாவட்டத் தலைநகரின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவள்ளூர் என்பது சரி. 'திருவள்ளுர்' என்று குறிலில் எழுதின போஸ்டர்களைப் பார்க்காதவர் இந்தப் பக்கம் கிடையாது. ஆங்கிலத்தில் 'எச்' போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை போட்டது, ஊரே சிரித்தது, சில நாட்களில் வாபஸ். ஆணை போட்டு இதைத் தீர்க்க முடியாது. ஜனங்கள் எப்படி எழுதினாலும் இந்த ஊரைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்துகொள்கிற ஒரு பட்டியல் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்து வேலை.

இன்னொரு வகைப் பெட்டி சொற்களாகப் பிரித்துவைத்துத் தேடும். அது இன்னும் மோசமாகப் போக வாய்ப்பு உண்டு. புள்ளி, கொம்பு, கால், சுழி இவற்றையெல்லாம் எழுத்து என்றே எண்ணாத பிரிப்பு விதிகள் நிறையப் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த விதியில் போட்டால் எங்கள் ஊர் இப்படி ஆகும்: க, ம, ம, ட, ப, ப, ண, ட. எட்டுத் துண்டு. பிரஸ் மெஷினில் விட்டது போல.

*

"சும்மா கூகுள் பெட்டியை வெச்சுட்டா போச்சு" என்று சொல்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அதையும் பேசிவிடுவோம்.

உங்கள் தளத்துக்கு மட்டுமான தேடல் பெட்டியை கூகுள் 2006 அக்டோபரில் கொடுக்க ஆரம்பித்தது. நாலு வரி நிரலை ஒட்டினால் போதும். பணம் வேண்டாம்; பதிலுக்கு உங்கள் முடிவுகளின் தலையில் விளம்பரம் வரும். விளம்பரம் வேண்டாம் என்றால் காசு கட்டுகிற இன்னொரு சேவை இருந்தது. அதை 2017ல் விற்பதை நிறுத்தி, 2018ல் மூடிவிட்டார்கள். காசு கட்டினவர்களுக்கும் கடைசியில் விளம்பரப் பெட்டிதான். இதில் அவர்களைத் திட்ட எனக்கு ஒன்றுமில்லை. அது அவர்கள் கடை, திறப்பதும் மூடுவதும் அவர்கள் இஷ்டம். நம் நூலகத்தின் சாவியை அந்தக் கடையில் கொடுத்து வைத்தது நாம்.

அந்தப் பெட்டி தமிழ்ச் சொல்வடிவங்களை இலவசப் பெட்டியைவிட நன்றாகவே புரிந்துகொள்ளும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் அட்டவணையில் உங்கள் பக்கம் ஏறியிருந்தால்தான் அது வரும். ஏறணுமா வேண்டாமா என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது. 2017ல் போட்ட, யாரும் சுட்டி கொடுக்காத ஒரு கவிதை ஏறாமலே கிடக்கலாம். சிற்றிதழ் என்பதே யாரும் சுட்டி கொடுக்காத பக்கங்களின் தொகுப்புதானே?

இன்னொன்று. தேடல் பெட்டியில் மனிதர்கள் தட்டுவது சாதாரண விஷயமில்லை. வாசகர் கடிதத்தில் எழுதாததை அங்கே எழுதுகிறார்கள். எங்கள் பகுதியில் ஒருவர் 'சங்கம் சேர்ந்தால் வேலை போகுமா' என்று தட்டுகிறார் என்றால் அது ஒரு தனிமனிதனின் பயம். அந்தப் பயத்தை வெளியே ஒரு விளம்பர வியாபாரத்துக்கு அனுப்பிவைக்க அவர் எங்களிடம் அனுமதி கொடுக்கவில்லை.

"இப்பதான் ஏஐ இருக்கே, அதைக் கேட்டா சொல்லிடுமே" என்பது புதுசு. சொல்லும். சரளமாகச் சொல்லும். முப்பது வருஷம் லேபர் கோர்ட் வாசலில் நின்ற ஒருவர் தன் பெயரைப் போட்டு எழுதினதும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத நாலு பத்தியும் ஒன்றா? ரேகை வைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டியவனுக்கு யார் சொன்னது என்பது முக்கியம்.

*

மூத்த இலக்கிய நண்பர் ஒருவர் வேறு மாதிரி மடக்கினார். "தேடறதுங்கறது தகவலுக்குய்யா. இலக்கியத்தை அலைஞ்சு திரிஞ்சு படிக்கணும். இதெல்லாம் மெக்கானிக் வேலை."

மெக்கானிக் வேலைதான். உ.வே.சாமிநாதையர் பதிப்புகளைத் திறந்து கடைசிப் பக்கங்களைப் பாருங்கள். அரும்பத அகராதி. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்த மனிதர், கிடைத்த பிறகு எந்தச் சொல் எங்கே இருக்கிறது என்று உட்கார்ந்து வரிசைப்படுத்தினார். அவருக்கு அது பதிப்பு வேலைக்கு வெளியே இருந்த விஷயமில்லை. 1910ல் வந்த அபிதான சிந்தாமணி, ஆ. சிங்காரவேலு முதலியார் வருஷக்கணக்கில் சேர்த்தது, முழுக்க முழுக்க அகரவரிசை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் 1967லிருந்து 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் இலக்கியச் சொல்லடைவை வெளியிட்டது. அவ்வளவு சொல்லையும் கையால் பிரித்து, கையால் அடுக்கினார்கள். தமிழில் தேடுவதற்கு வழி செய்தவர்கள் எல்லாம் இலக்கியம் தெரியாத மெக்கானிக்குகளா?

நாம் செய்தது என்ன? ஒரு சொடுக்கில் அடைவு போட முடிகிற காலத்தில் பிறந்து, அடைவே இல்லாத இதழ்களை நடத்துகிறோம். முகப்புப் படத்துக்கு மூன்று நாள் சண்டை போடுகிறோம். எழுத்துரு அழகாக இருக்கிறதா என்று வாட்ஸப்பில் கருத்துக் கேட்கிறோம். போன மாத இதழ் போன மாதத்தோடு செத்துப்போகிறது. எங்கள் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் 1863ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார். லட்சக்கணக்கான வருஷத்துக்கு முந்தின கல் கிடைக்கிறது. மூன்று வருஷத்துக்கு முந்தின கட்டுரை கிடைக்கவில்லை.

அரசாங்கத்தைத் திட்டும்போது நமக்கு இது நன்றாகத் தெரிகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் நாலாவது பிரிவு, அரசு அலுவலகங்கள் ஆவணங்களை அட்டவணையும் அடைவும் போட்டு வைத்திருக்க வேண்டும் என்கிறது. 'இருக்கு' என்றால் போதாது, கிடைக்கணும் என்பதுதான் அதன் அர்த்தம். ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப்பைப் பார்த்தால், "இதுல எப்படிய்யா தேடறது, மறைக்கத்தான் போட்டிருக்கானுங்க" என்று கத்துகிறோம். சரிதான். நம் தளத்தில் பழைய எழுத்துருவில் ஏற்றி இன்றுவரை மாற்றாமல் விட்ட பக்கங்களுக்கும் அதே வசவு பொருந்தும்.

*

கத்தினால் மட்டும் போதாது என்பதால் நாங்கள் என்ன செய்தோம் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்களில் யாரும் கணினிப் பொறியாளர் இல்லை. நான் தரக் கட்டுப்பாட்டில் அளவு பார்க்கிறவன். எல்லாம் மூன்று மாத ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது.

முதலில் எழுத்தைச் சுத்தம் செய்தோம். ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சேமித்த இடங்களை யூனிகோட் ஒழுங்காக்கம் ஒன்றாக்கிவிடும். 'மெளனி'யையும் இரண்டாவது ஸ்ரீயையும் அது தொடாது. அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். அவற்றுக்கு நாமே விதி எழுத வேண்டும். எழுதினோம். மௌனி ஒருவராகிவிட்டார்.

இரண்டாவது, விகுதி வெட்டுதல். 'ஸ்நோபால்' என்ற கட்டற்ற தொகுப்பில் தமிழுக்கான பகுதி இருக்கிறது. போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் 2019லேயே 12ஆம் பதிப்போடு சேர்ந்துவிட்டது. தமிழர்களின் உழைப்பு கேட்பாரற்று அங்கே கிடக்கிறது. அது முரட்டுத்தனமாக வெட்டும், சில சமயம் வேரையும் சேர்த்து வெட்டும். இருந்தாலும் ஒன்றுமில்லை என்று சொல்வதற்குப் பதில் நாலு தப்போடு ஒரு சரி தருவது மேல். தளத்திலும் தேடலிலும் ஒரே கத்தியால் வெட்ட வேண்டும், அது முக்கியம்.

மூன்றாவது, கைப்பட்டியல். இதுதான் உயிர். இழப்பீடு, நஷ்ட ஈடு, நஷ்டஈடு, காம்பன்சேஷன் எல்லாம் ஒன்று. இரட்டிக்கிற டகரத்துக்குக் கத்தி தடுமாறினால் 'இழப்பீட்டு' என்பதையும் இதிலேயே சேர்த்துவிடலாம். ஒப்பந்தத் தொழிலாளி, காண்ட்ராக்ட் லேபர், சி.எல். எல்லாம் ஒன்று. பழவேற்காடு, புலிகாட் ஒன்று. பூண்டியும் கும்மிடிப்பூண்டியும் வேறு. இந்தப் பட்டியலை எந்தக் கம்பெனியும் நமக்காக எழுதாது. சிப்காட்டில் 'சி.எல்.' என்றால் என்ன என்று இங்கே டீ குடிக்கிறவனுக்குத்தான் தெரியும். உங்கள் இதழ் கோயம்புத்தூரிலிருந்து வந்தால் உங்கள் பட்டியல் வேறு, யாழ்ப்பாணத்திலிருந்து வந்தால் வேறு. சொந்தத் தளத்துக்குச் சொந்தத் தேடல் வேண்டும் என்று நான் சொல்வதற்கு முழுக் காரணமும் இந்த ஒரு பத்திதான்.

நாலாவது, வெறுங்கையோடு திரும்பினவர்களின் பதிவு. யார் தட்டினார்கள் என்பதைச் சேமிப்பதில்லை. என்ன தட்டி ஒன்றும் கிடைக்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம். மாதம் ஒருமுறை நாலு பேரும் உட்கார்ந்து வாசிக்கிறோம். முதல் மாதப் பட்டியலில் இருந்தவை: 'ஓவர்டைம் டபுள் கணக்கு', 'முகாம் பிறந்தவங்க பாஸ்போர்ட்', 'கும்மிடிப்பூண்டி ட்ரெயின் டைம்', 'அம்மா இறந்த கவிதை'. ஆறு வருஷ ஆசிரியர் குழுக் கூட்டங்களில் எங்களுக்குத் தோன்றாத இதழ் அந்த ஒரு பக்கத்தில் இருந்தது. ஓவர்டைம் பற்றிக் கட்டுரை கேட்டு வாங்கினோம். 'அம்மா இறந்த கவிதை' எங்களிடம் மூன்று இருந்தது. மூன்றிலும் 'இறந்த' என்ற சொல் இல்லை. அதற்கு எந்தக் கருவியும் உதவாது. அந்த மூன்றுக்கும் கையால் குறிச்சொல் போட்டோம்.

*

இலக்கிய இதழுக்கு இவ்வளவு எதற்கு என்று இன்னமும் கேட்பீர்கள் என்றால் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன். யாருக்காக வெளியிடுகிறீர்கள்? வெளியான அன்று சுட்டியைப் பகிர்ந்து, இதயம் போட்டு, மறுநாள் மறந்துவிடுகிற முந்நூறு நண்பர்களுக்கா? அல்லது என்றைக்கோ ஒரு ராத்திரி, எட்டுப் பேர் படுத்திருக்கும் அறையில், போன் வெளிச்சத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஒரு சொல்லைத் தட்டப்போகிற ஒருத்தருக்கா? முதல் கூட்டத்துக்குத் தேடல் பெட்டி தேவையில்லை. இரண்டாமவருக்கு அது மட்டும்தான் வாசல்.

அந்தப் பையன் விஷயம். விபத்து நடந்து அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. பெரியவர் அவனைக் கூட்டிக்கொண்டு போய் மனுப் போட்டார். அது எப்படிப் போனது என்பது அவனுடைய கதை. நான் எழுத மாட்டேன். எங்கள் பங்கு அதில் ஏழு மாதத் தாமதமும் ஒரு கைரேகையும்.

இப்போது 'விபத்து இழப்பீடு' என்று போட்டால் அந்தக் கட்டுரை முதலில் வருகிறது. 'வெரல் போச்சு' என்று போட்டாலும் வருகிறது. அந்த இரண்டாவது சொல்லைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது அவன்தான்.

"அப்போ எனக்கு இழப்பீடுங்கற வார்த்தைகூட ரூம்ல இருந்தவர் சொல்லித்தான் தெரியும் அண்ணா. அதுவும் தெரியாதவன் என்னத்தப் போட்டுத் தேடுவான்?"